ஃபைபர் இணைப்பு: தேசிய நிறுவனமா, தெருமுனைக் கேபிள்காரரா?

குடந்தைவாசி:
கும்பகோணத்தில் மாடியுடன் கூடிய பழைய வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் என் மனைவி மாலை வேளைகளில் இணையவழி வகுப்பு எடுக்கிறார். மாடியறையில் அமர்ந்து நான் அலுவலகப் பணியைப் பார்க்கிறேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வழங்கிவருபவர் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புத் தருவதாகவும், ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் இரண்டு மாதம் இலவசம் என்றும் சொல்கிறார். நாடு முழுவதும் சேவை வழங்கும் நிறுவனம் ஒன்றின் முகவர் அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதலான கட்டணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

அலைவரிசை:
தயங்காமல் நிறுவனத்தின் பக்கம் போங்கள். கேபிள்காரர் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது உங்கள் வீட்டுக்கும் அவருடைய கட்டுப்பாட்டு அறைக்கும் இடைப்பட்ட வேகம் மட்டுமே. அங்கிருந்து வெளியே செல்வதற்கு அவர் மொத்தமாக வாங்கியிருக்கும் பேண்ட்வித் எவ்வளவு, அதை எத்தனை வீடுகளுக்குப் பங்கு போடுகிறார் என்பதெல்லாம் எந்த ரசீதிலும் இருக்காது. நண்பகலில் வேகச் சோதனை செய்து காட்டினால் 100 வரத்தான் செய்யும். இரவு எட்டு மணிக்குமேல் தெரு முழுவதும் ஓடிடி பார்க்க உட்காரும்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். தவிர, சிறிய வழங்குநர்களிடம் உங்கள் இணைப்பை வெளியிலிருந்து நேரடியாக அடைய உதவும் தனிப் பொது ஐபி முகவரி அரிதாகவே கிடைக்கும். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சிஜிநாட் முறையில் பலரோடு சேர்ந்து ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று பொருள். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டியை நேரடியாகத் திறக்க அது இடம் கொடுக்காது.

கம்பத்தடி:
சிஜிநாட் குறையைக் கேபிள்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று. ஐபிவி4 முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபின் பெரிய நிறுவனங்கள் பலவும் அதையேதான் செய்கின்றன. நிலையான ஐபி வேண்டுமென்றால் அங்கும் தனிக் கட்டணம் உண்டு. மாலை நேர நெரிசல் பற்றிச் சொன்னது ஓரளவு சரிதான். ஆனால் பங்கீடு என்றாலே பயப்படத் தேவையில்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், வழங்குநர் கருவியிலுள்ள ஒரு போர்ட்டின் 2.488 ஜிபிபிஎஸ் பதிவிறக்கத் திறனை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 960 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. போர்ட்டில் பாதிகூட நிரம்பவில்லை.

என் கவலையெல்லாம் வயர் அறுந்துபோகும் நாளைப் பற்றியது. நம் ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வருவதில்லை. மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்குத் தொங்கி, முருங்கைக் கிளையில் உரசி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக இறங்குகிறது. அணில் கடித்தாலே போதும், மோடத்தில், ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்துவிடும். சென்ற ஐப்பசி மழையின்போது ஒரு பெரிய நிறுவனத்தில் நான் பதிந்த புகாரை, யாரும் வீட்டுப் பக்கம் வராமலேயே, சரிசெய்யப்பட்டது என்று முடித்துவைத்தார்கள். அடுத்த வீட்டின் கேபிள் இணைப்பு அதே மழையில் அறுந்தது. அன்று மாலையே ஏணியும் ஸ்ப்ளைசிங் இயந்திரமுமாக ஆள் வந்து ஒட்டிக்கொடுத்துவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிஎஸ்என்எல் பாரத் ஃபைபரேகூடப் பல ஊர்களில் வருவாய்ப் பங்கீட்டு அடிப்படையில் உள்ளூர்க் கேபிள்காரர் கையால்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

அலைவரிசை:
அந்த ஆள் ஊரில் இருக்கும்வரை நீங்கள் சொல்வதெல்லாம் சரி. அவர் குடும்பத்தோடு சபரிமலைக்குப் போய்விட்டால் அந்த ஏணியை எடுத்துவர வேறொருவர் உண்டா? மின்தடையையும் நினைத்துப் பாருங்கள். வழியில் ஒளியை வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, உங்கள் மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்துவிடலாம். ஆனால் அவர் இடத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவியின் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டால் உங்கள் யுபிஎஸ் வெறும் அலங்காரப் பொருள்தான்.

புகாரைப் பொய்யாக முடித்துவைப்பது மோசடி, மறுக்கவில்லை. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த குறைதீர் விதிகளின்படி அந்தப் புகாருக்கு ஓர் எண் உண்டு, அதை வைத்து மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு. கேபிள்காரரிடம் நீங்கள் செய்யும் புகார் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக்கோடு நின்றுவிடும்.

செப்புக்கம்பி:
இருவரும் தெருவிலேயே நின்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். வேகம் குறைவு என்று என்னிடம் வரும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு வாசற்படிக்கு உள்ளேதான் இருக்கிறது. வயர் நுழையும் இடத்திலேயே, டிவி அலமாரிக்குப் பின்னால் மோடத்தை வைத்துவிட்டு ஆள் போய்விடுகிறார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை அத்தனையும் அங்கேதான் முட்டி மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கும்பகோணத்துப் பழைய வீட்டின் கனத்த செங்கல் சுவரிடம் தோற்றுவிடும். ஆகவே மாடிக்கு ஒரு கேட்6 லேன் வயர் இழுத்து அங்கே வைஃபை பரப்பும் தனி ஆக்சஸ் பாயிண்ட் பொருத்துவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். மலிவான மோடம்கள் சிலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும் என்பதால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

இணைப்புக் கொடுக்கும் நாளில், ஆள் கிளம்புவதற்கு முன்பே, பவர் மீட்டரில் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண ஜிபான் மோடம் ஏறத்தாழ மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்) வரை தாங்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், ஒட்டிய இடத்தில் மழைநீர் இறங்கியதும் நின்றுவிடும். ஒவ்வொரு 3 டிபி இழப்புக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது என்பதை மறந்துவிட்டு, கதவு இடுக்கில் வயரை மடக்கி ஆணியடிப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கம்பத்தடி:
பவர் மீட்டர் யோசனைக்கு நன்றி. அதை நிறுவனத்து ஆளிடமும் தவறாமல் கேளுங்கள். ஆனால் மாடிக்கு இழுத்த கேட்6 வயர் அறுந்த ஃபைபரை ஒட்டித் தராது. அலைவரிசை அவர்களின் வாதத்தில் எனக்குச் சரியென்று படுவது ஒன்றுதான்: கேபிள்காரர் எந்த உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின்கீழ் இயங்குகிறார் என்று கேட்டு, அதன் பெயரிலேயே ஜிஎஸ்டி ரசீது வாங்கிவிடுங்கள். புகார் எண்ணும் மேல்முறையீடும் அப்போது உங்களுக்கும் வாய்க்கும். ஓராண்டுப் பணத்தை மட்டும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மாத இலவசத்துக்காகப் பன்னிரண்டு மாதப் பிடியை விட்டுக்கொடுக்கிறீர்கள். மாதச் சந்தா கட்டுபவரின் தொலைபேசி அழைப்புக்குத்தான் உடனே பதில் வரும்.

குடந்தைவாசி:
மாதச் சந்தாவில் கேபிள்காரரிடமே வாங்க முடிவு செய்திருக்கிறேன். ரசீது எந்த நிறுவனத்தின் பெயரில் வரும் என்று கேட்டதற்கு உடனே விடை சொன்னார். ஓஎல்டி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டபோதுதான் சற்று மழுப்பினார். மாடிக்கு வயர் இழுக்க எலக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

அலைவரிசை:
மழுப்பிய இடத்தில்தான் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இரவு ஒன்பது மணிக்கு, மாடியறையில் லேன் வயரைச் செருகி எடுத்த வேக அளவை ஒரு வாரத்துக்கு இங்கே பதிவிடுங்கள்; பதிவேற்ற வேகத்தையும் சேர்த்து, ஏனெனில் உங்கள் மனைவியின் வகுப்பு அதை நம்பித்தான் நடக்கப்போகிறது.