பார்லைன் (தாளத்தைப் பிரித்துக் காட்டும் செங்குத்துக் கோடு) இல்லாத பழைய இசை ஏட்டில் இடம் தெரியாமல் தொலைந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

டெனர்வயோல்:
ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்போர்னின் 1599 லண்டன் நடன இசைத் தொகுப்பு. வயோல் (வில்லால் வாசிக்கும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) வாசிக்கும் ஐந்து பேர், ஆளுக்கொரு ஏட்டின் நகல், அதில் அவரவர் வரி மட்டும். ஒரு பவான் (நிதானமான நடனம்), இரண்டாம் பகுதி. எங்கோ ஒரு மினிமை (அரைச் சுரத்தை) அதிகமாக இழுத்துவிட்டேன் போல. எனக்குத் தெரியவே இல்லை. உரசல் வருகிறது, தீர்கிறது, மறுபடி உரசல். மனிதர் எத்தனை சஸ்பென்ஷன் (வேண்டுமென்றே உரசவிட்டுத் தீர்க்கும் இடம்) வைத்திருக்கிறார் என்று ரசித்துக்கொண்டே வாசித்தேன். பகுதி முடிந்து நால்வரும் வில்லை எடுத்துவிட்டார்கள். என் ஏட்டில் இன்னும் ஒரு சுரம் மிச்சம். அந்த அமைதியில் அதையும் வாசித்துத் தொலைத்தேன். கீழ்க்குரலான பாஸ் வாசிக்கும் அக்கா, "நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். மறுபடி வாசித்தபோது சரியாக வந்தது. சப்பென்று இருந்தது.

சின்னஷார்ப்:
பார்லைன் போட்ட நவீனப் பதிப்பை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை நண்பரே. என் கதை வேறு. சுசாட்டோ என்ற இசைப் பதிப்பாளர் 1551இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்ட நடனங்களில் சிலவற்றை நான்கு ரெக்கார்டர் குழல்களுக்கு நானே பதிப்பித்தேன். முடிவுகளில் மேல்குரலுக்கு ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி) அச்சில் இருக்காது. அக்காலத்து ஆட்கள் சொல்லாமலே ஏற்றிக்கொள்வார்கள். வழக்கப்படி சுரத்தின் தலைமேல் சின்னதாகப் போட்டுவைத்தேன். கச்சேரியில் மேல்குரல் வாசித்த சோப்ரானோக்காரர் முதல் முறை ஏற்றவில்லை, திரும்ப வரும்போது ஏற்றினார். கேட்டால், "சின்னதா இருந்துச்சே, இஷ்டம்னு நினைச்சேன்" என்கிறார்! அப்புறம் ஒருவர் வந்து அந்த மாற்றம் பிரமாதம் என்று என்னைப் பாராட்டினார். நன்றி சொன்னேன். இன்னும் எரிகிறது.

கேலியார்டு:
பார்லைன் போட்டால் தீர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. எங்கள் குழுவில் போட்டோம். ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த சுரத்தை ஆணி அடிப்பதுபோல் அடித்தார்கள், அவ்வளவுதான் என் அனுபவம். கேலியார்டு என்ற துள்ளல் நடனத்தில் ஆறு மினிம் மூன்று மூன்றாகப் போய், திடீரென்று இரண்டு இரண்டாக மாறும். கோடு அதை மறைத்துவிடும். அதனால் பதிப்பிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கோரில் (எல்லார் வரியும் சேர்ந்த தாளில்) கோட்டை வரிகளுக்கு நடுவே மட்டும் போடுங்கள், சுரத்தின் மேல் ஓடவிடாதீர்கள். தனித்தாளில் கோடே வேண்டாம், பகுதித் தொடக்கத்தில் எண் போதும். சுர அளவைப் பாதியாகக் குறைக்காதீர்கள். கால் சுரமாக்கினால் எல்லாரும் ஓட ஆரம்பிக்கிறார்கள். ஒரு நடனம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ரெக்கார்டர் என்றால் மூச்சுக்கு இடம் பாருங்கள், வயோல்காரர்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். சின்ன ஷார்ப் விஷயம்: ஒத்திகையிலேயே பென்சிலால் பெரிதாக எழுதச் சொல்லியிருக்க வேண்டும், அது பதிப்பித்தவர் வேலை.

சின்னஷார்ப்:
சொன்னேன். பென்சில் கொண்டுவரவில்லையாம்.

டெனர்வயோல்:
நான் ஆலோசனை கேட்கவில்லையே, சரி. போன வாரம் அக்கா அதே பவானை எடுத்து, "அன்னைக்கு வாசிச்ச மாதிரி வாசிங்க" என்றார். மூன்று முறை வேண்டுமென்றே ஒரு மினிம் தள்ளிப் பார்த்தேன். வெறும் தப்பாகத்தான் கேட்டது.