குழி விழுந்த நெஞ்சு: நஸ் கம்பி எதனால் இடம் மாறுகிறது?

கேள்வி: வயது 14, சிடி ஸ்கேனில் ஹாலர் குறியீடு 4.1. நஸ் முறையில் (நெஞ்செலும்புக்கு அடியில் வளைத்த கம்பி வைத்துக் குழியைத் தூக்கும் அறுவை சிகிச்சை) கம்பி வைக்கச் சொல்கிறார்கள். கம்பி புரண்டுவிடும் என்கிறார்களே, ஏன்? வலி எப்படி?

பதில் 1: ஹாலர் என்பது மார்பின் உள்அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் வருவது. 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். மூச்சு, இதயப் பரிசோதனையும் சேர்த்துத்தான் முடிவு. வளைத்த கம்பியைக் குழிவு மேலே பார்க்க நுழைத்து, கேமராவில் பார்த்தபடியே இதயத்துக்கு முன்னால் கடத்தி, 180 டிகிரி திருப்புவார்கள். நெஞ்செலும்பு அப்படியே மேலே எழும். அந்த எலும்பு ஓயாமல் கீழே அழுத்துகிறது. பக்கப் பிடிப்பு தளர்ந்தால் கம்பி புரளும். அதனால்தான் ஓரத்தில் ஸ்டெபிலைசர் (கம்பி நகராமல் பிடிக்கும் சிறு தகடு), விலா எலும்போடு சேர்த்துத் தையல். குழி நீளமாக இருந்தால் இரண்டு கம்பி.

பதில் 2: வழக்கமான எஃகுக் கம்பியில் நிக்கல் இருக்கும், அதனால் நிக்கல் ஒவ்வாமையை முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கவரிங் நகை, பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் அரிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லவும். டைட்டானியம் கம்பி இருக்கிறது. அதை முன்கூட்டியே அளவெடுத்து வளைத்து வாங்க வேண்டும்.

பதில் 3: வலிக்குக் கிரையோ: விலா இடை நரம்புகளை உறைய வைப்பது. மரப்பு சில மாதம் இருக்கும். முதல் 6 வாரம் புத்தகப்பை தூக்குவது, குப்புறப் படுப்பது, இடுப்பைத் திருகுவது கூடாது. கம்பி பெரும்பாலும் 3 வருடம் உள்ளே இருக்கும். பள்ளியில் ஒன்று சொல்லி வையுங்கள்: டீஃபிபிரிலேட்டர் (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பட்டையை முன்னும் பின்னுமாக ஒட்ட வேண்டும்.