கல்லில் இருப்பது எந்த மொழி? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மேலூர்க்காரன்:
மதுரைப் பக்கத்து மாங்குளம் மலையேற்றம் இங்கே பலருக்குத் தெரியும், அதை விடுகிறேன். அப்போது எனக்கு அசோகன் பிராமி, அதாவது அசோகர் கல்வெட்டுகளின் பழைய எழுத்து, மட்டும்தான் வாசிக்க வரும். அங்கே மீனாட்சிபுரம் குகைத்தளத்தில் அண்ணாந்து நின்று, அந்த முறைப்படியே ஒவ்வொரு மெய்க்கும் அகரம் சேர்த்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா, "என்ன தம்பி போட்டுருக்கு?" என்றார். "வடக்கத்தி மொழிம்மா, நமக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த ழகரம் கண்ணில் பட்டது. அசோகன் கல்வெட்டுகளின் வடக்கத்தி மொழியான பிராகிருதத்தில் ஏது ழ? சேர்த்த அகரங்களை எல்லாம் உருவிவிட்டு மறுபடி படித்தேன். நெடுஞ்சழியன், பாண்டியன் நெடுஞ்செழியனேதான். கடைசியில் 'பளிஇய்'. நம்முடைய பள்ளிதான், சமணத் துறவிகள் தங்கிய இடம். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓடி இறங்கினேன், அந்த அம்மாவைக் காணோம். 1882இல் ராபர்ட் சுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ட எழுத்துகள் இவை. இது தமிழ்தான் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துச் சொன்னது 1924இல். நெடுஞ்செழியன் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது 1965இல், கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனால். இத்தனையும் படித்துவிட்டுப் போயும், அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னேனே.

சிங்கை வாசகி:
உங்களுக்கு ஒரு ழகரமாவது கிடைத்தது. எங்கள் ஊர்க் கல் அந்த வாய்ப்பையே தரவில்லை. சிங்கப்பூர் ஆற்று முகத்தில் 1819இல் கண்ட பெரும் பாறை, ஏறத்தாழ 50 வரி எழுத்து. 1843இல் கட்டட வேலைக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பது ஒரு துண்டு. பழந்தமிழ் என்று பெக்பி என்ற மதராஸ் பீரங்கிப்படை அதிகாரி ஊகித்தார். பிறகு வந்தவர்கள் பலர் பழைய ஜாவா மொழி என்கிறார்கள். இன்றுவரை முடிவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் என் மகள், "அம்மா, இது நம்ம எழுத்தா?" என்றாள். உருண்டை உருண்டையாகத் தேய்ந்த எழுத்து. தமிழின் பழைய வட்டெழுத்து மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. அவள் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மைப்படி:
சகோதரி, சொல்லாமல் இருந்ததுதான் சரி. மேலூர்க்காரரே, நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து வேறு, மொழி வேறு. ஒரு கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்கு அடியிலுள்ள பீடத்தில், இருந்ததைத் தமிழ் என்று ஊர்க்காரர்களிடம் அடித்துச் சொன்னவன் நான். பார்த்தால், தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருத சுலோகம். அத்தோடு என் கதை முடிந்தது.

இனி போகிறவர்களுக்கு: சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். இல்லாத கோட்டை நீங்களே வரைந்துவிடுவீர்கள், கல்லும் கெடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். முதல் வரியை வைத்து முடிவுகட்டாதீர்கள், தமிழ்க் கல்வெட்டுகளே 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்தத்தில் தொடங்கும். ழ, ள, ற, ன தேடுங்கள். பிறகு சொல்லின் வாலைப் பாருங்கள், வேற்றுமை உருபுதான் மொழியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மாங்குளத்திலேயே 'தம்மம்' என்ற பிராகிருதச் சொல் இருக்கிறது, அதனால் அது பிராகிருதம் ஆகிவிடாது. இலங்கைக் குகைகளிலும் பிராமி உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் பிராகிருதம்தான்.

மேலூர்க்காரன்:
எழுத்தும் மொழியும் வேறு என்பதைத்தான் ஐயா நானும் சொன்னேன். பிராமியைப் பார்த்ததும் வடக்கத்தி மொழி என்று நினைத்ததுதானே என் பிழை?

வெள்ளவத்தை:
இலங்கைப் பேச்சு வந்தபடியால் எழுதுறன். காலியில 1911இல ஒரு மதகுக்கு மூடுகல்லாக் கிடந்த கல்லு, இப்ப கொழும்பு மியூசியத்தில இருக்கு. சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. 1409ஆம் ஆண்டுக் கல்லு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனத்தில புத்தருக்குக் காணிக்கை, தமிழில தெனாவரை நாயனார் எண்ட இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனனான். அவருக்குப் பார்வை குறைவு. கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டு, இடப்பக்கம் மேலே கையை நீட்டி, "இஞ்ச பார், இது எங்கட எழுத்து" எண்டார். ஒரு வரிகூட அவரால வாசிக்க முடியேல்ல. திரும்பி வரேக்க பஸ்ஸில முழுக்க அந்தக் கல்லைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தார்.