‘உள்ளூர் மொழியில் பேசுகிறார்’ – ஆவணப்படங்களில் யாருடைய குரல்?

தும்பி:
ஆவணப்படங்களுக்கு வசன வரிகள் எழுதுவது என் தொழில். போன மாதம் ஒரு படம் வந்தது. ஆற்றங்கரையில் குந்தியிருக்கும் ஒரு முதியவர், ஈர மண்ணில் விரலால் கோடு கிழித்தபடி ஒரு நிமிடம் பேசுகிறார். என்னிடம் தந்த தாளில் அதற்கு நேரே ஒரே வரி: ‘உள்ளூர் மொழியில் பேசுகிறார்’. எந்த மொழி என்றுகூட இல்லை. அவர் விளக்கியதைப் பின்னணிக் குரல் தன் கண்டுபிடிப்பு போலச் சொல்லிவிட்டுப் போகிறது. கடைசியில் ட்ரோன் இயக்கியவர் பெயர் வருகிறது, அந்த முதியவர் பெயர் வரவில்லை. இயற்கையையும் பண்பாட்டையும் காட்டும் படங்களில் யார் முகம், யார் குரல் இடம்பெறுகிறது என்பதை நாம் பேசியே ஆகவேண்டும்.

நெடுங்கடல்:
பெயர் விடுபட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் படத்துக்குப் படம் இனக் கணக்கு எடுக்க வேண்டுமா? நான் திமிங்கிலத்தைப் பார்க்க உட்காருகிறேன். சொல்பவர் எந்த நாட்டவர் என்பது எனக்கு எதற்கு? இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோவின் குரலைக் கேட்டு உயிரியல் படிக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். செய்தி சரியா என்று மட்டும் பாருங்கள்.

தும்பி:
சரி, செய்தியையே பார்ப்போம். 2011இல் பிபிசி ஒளிபரப்பிய ‘ஹ்யூமன் பிளானட்’ தொடரில், இந்தோனேசியாவின் பப்புவா காடுகளில் வாழும் கொரோவாய் பழங்குடி மக்கள் மிக உயரமான மரவீட்டில் குடியேறுவதாகக் காட்டினார்கள். அந்த வீடு படப்பிடிப்புக்காகவே கட்டப்பட்டது. 2018இல் பிபிசியே அந்தக் காட்சி துல்லியமானதல்ல என்று ஒப்புக்கொண்டது. உண்மை வெளிவந்தது எப்படி? பிறகு அங்கே போன இன்னொரு படக்குழுவிடம் அந்த மக்களே சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை!

இன்னும் பின்னால் போனால் 1922இன் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ ஆவணப்படம். அதில் நானூக்காக வரும், வடதுருவப் பகுதியின் இனூயிட் இனத்து வேட்டைக்காரரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கி பயன்படுத்திப் பழகியவர் கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள். கிராமபோன் தட்டை அறியாமையால் கடிப்பவராக நடிக்க வைத்தார்கள். வெளிச்சம் வேண்டும் என்று பனிவீட்டின் ஒரு பக்கத்தையே திறந்துவிட்டார்கள். அந்தக் குளிரில் உறங்குவதுபோல் நடித்தது அங்கே காட்டப்பட்ட குடும்பம்.

கூழாங்கல்:
மனிதர்கள் இல்லாத காட்டைக் காட்டுவதும் ஒரு நிலைப்பாடுதான். தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியில் கால்நடை மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்களைப் பிரிட்டிஷ் ஆட்சி 1959இல் அங்கிருந்து வெளியேற்றியது. அதே ஆண்டு வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய படம் ‘செரெங்கெட்டி ஷல் நாட் டை’. அதன் பிறகு எத்தனை படங்களில் அந்தப் புல்வெளியை ‘மனிதக் கால் படாத பூமி’ என்று கேட்டிருப்போம்!

நெடுங்கடல்:
அதே படங்கள்தான் அந்தப் புல்வெளியைக் காக்க உலகத்தையே அக்கறைப்பட வைத்தன. அதையும் சொல்லுங்கள்.

மின்மினி:
மனிதர்களை விடுங்கள், பறவைகளுக்கும் இதே கதைதான். பாடுவது ஆண், கேட்டுத் தேர்ந்தெடுப்பது பெண் என்றே வர்ணனை எழுதிப் பழகிவிட்டார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வு, தான் அலசிய பாடும் பறவையினங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காது கொடுத்ததால், அங்கே கேட்டதையே உலக வழக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

நெடுங்கடல்:
மின்மினி சொன்னது எனக்குப் புதிது. அது அறிவியல் பிழை, திருத்தத்தான் வேண்டும். ஆனால் தும்பி, பனிச்சிறுத்தைக்காக மாதக்கணக்கில் மறைவிடத்தில் காத்திருக்கும் ஒளிப்பதிவாளரின் திறமை ஒரே நாளில் வருவதல்ல. பிரதிநிதித்துவம் என்ற பெயரில் அனுபவம் இல்லாதவரிடம் கேமராவைக் கொடுத்தால் படம் கெடும்.

தும்பி:
கேமராவை யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் வரலாறு. கனடாவின் வடக்கே இனூயிட் மக்கள் வாழும் இக்லூலிக் ஊரார் 1970களில் இரண்டு முறை வாக்களித்துத் தொலைக்காட்சியே வேண்டாம் என்றார்கள். தங்கள் மொழியில் அதில் ஒன்றும் இல்லை என்பதே காரணம். அந்த ஊர்க்காரரான சகரியாஸ் குனுக் 1981இல் தான் செதுக்கிய சிற்பங்களை விற்று ஒரு வீடியோ கேமரா வாங்கினார். 2001இல் அவர் முழுக்கத் தங்கள் இனுக்டிடுட் மொழியில் எடுத்த கதைப்படம், கான் விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான விருதைப் பெற்றது. அனுபவம் வந்தது கேமரா கைக்கு வந்த பிறகுதானே? இன்னொன்று: பனிச்சிறுத்தை எந்த மலைமடிப்பில் இறங்கும் என்று உங்கள் ஒளிப்பதிவாளருக்குக் காட்டிக்கொடுத்தவர் யார்? அவரும் எத்தனையோ குளிர்காலங்கள் காத்திருந்து கற்றவர்தான்.

நெடுங்கடல்:
வழிகாட்டியின் பெயரும் பேச்சும் படத்தில் வரவேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். எறும்புகளைப் பற்றிய படத்தில் கட்டாயமாக ஒரு மனிதரை நிறுத்தினால் எதிர்ப்பேன்.

தும்பி:
அதை நான் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் முதியவர் என்ன சொன்னார் என்று கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். அந்த மொழி தெரிந்தவரைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த இடத்தில் வசன வரி எழுதப்போவதில்லை.