தென்கிழக்கு ஆஸ்திரேலியா கார் பயணம்: வழியில் கண்டதை இங்கே எழுதுங்கள்

கிப்ஸ்லாந்துக்காரன்

மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் கடலோரமாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். கேன் ரிவர் தாண்டி ஜெனோவா போகிற வழி, இருட்டத் தொடங்குகிற நேரம். முன்னால் போன வாடகைக் கார், ரோட்டில் நின்ற வாம்பாட்டை (குட்டைக் கால், கனத்த உடம்பு உள்ள காட்டு விலங்கு) பார்த்ததும் ஸ்டியரிங்கை வெட்டியது. இடது சக்கரங்கள் ஜல்லி ஓரத்தில் இறங்கின. இழுத்துத் திருப்பியதில் வண்டி சுழன்று, எதிர் லேனில், தான் வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. எதிரே லாரி எதுவும் வராததால் தப்பித்தார்கள். வாம்பாட் நின்ற இடத்தில் அப்படியே நின்றது.

விலங்கு குறுக்கே வந்தால் வெட்டக் கூடாது. கால் பிரேக்கில் முழுசாக, ஸ்டியரிங் நேராக. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிரும், காலை எடுக்காதீர்கள். தார் ரோட்டில் இரண்டு சக்கரம், ஜல்லியில் இரண்டு சக்கரம் என்று ஆனதும் பிடிப்பு சமமாக இருக்காது, அங்கேதான் வண்டி சுழல்கிறது.

லேக்ஸ் என்ட்ரன்ஸிலிருந்து ஈடன் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர், பெரும்பாலும் காடு. ஜூன் மாதம் 5 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் எட்டரையை ஒட்டி. கிளம்புகிற நேரத்தை இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆர்போஸ்ட் தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

ரோட்டோரம்

அண்ணா சொன்னதில் பாதிதான் சரி. 100-ல் போய்க்கொண்டு "நேராக பிரேக்" போட்டால் வாம்பாட் அடியில் போய்விடும். 30 கிலோ வரை கனக்கிற, கல் மாதிரியான உடம்பு. பம்பர், ரேடியேட்டர், ஆயில் சம்ப் என்று வரிசையாகப் போகும். வெட்டாமல் இருப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை பொழுது சாயும்போது 80-க்குக் கீழே வருவது. போர்டில் 100 என்று இருப்பது உச்ச வரம்பு, அந்த வேகத்தில் போயே ஆகணும் என்று சட்டம் இல்லை. பின்னால் வண்டி ஒட்டினால், ஒதுங்கும் இடம் வந்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தையும் கிளம்பும் முன் படியுங்கள். ஊருக்கு வெளியே இரவில் விலங்கு மோதினால் காப்பீடு இல்லை என்று சிலவற்றில் இருக்கும். வண்டியின் அடிப்பாகச் சேதமும் மண் ரோடும் பலவற்றில் சேராது.

தாரணி, டாண்டினோங்

மோதின பிறகு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. பெகாப் பக்கம் றோட்டோரத்தில ஒரு பெண் கங்காரு செத்துக் கிடந்தது. பக்கத்தில போய்ப் பார்த்தா வயித்துப் பை மெல்ல அசைஞ்சது. அந்த அசைவு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அதைக் கடந்து போன கார்கள் எத்தினை எண்டு நினைச்சா நெஞ்சு கனக்குது.

குட்டி முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு இருந்தா இழுக்க வேண்டாம், வாய் கிழிஞ்சு போகும். காயப்பட்ட விலங்குகளைக் காப்பாத்திற அமைப்புகள் இருக்கு, நியூ சவுத் வேல்ஸ் எண்டா வயர்ஸ், விக்டோரியா எண்டா வைல்ட்லைஃப் விக்டோரியா, ரெண்டின்ர நம்பரையும் வெளிக்கிட முதலே போனில போட்டு வையுங்கோ. சிக்னல் இல்லாட்டி இடத்தைக் குறிச்சுக்கொண்டு அடுத்த ஊரில அடியுங்கோ. காம்பை விட்ட குட்டி எண்டா பருத்தித் துணிப் பையிலயோ தலையணை உறையிலயோ போட்டு, இருட்டா, சூடா, சத்தமில்லாம வையுங்கோ. பாட்டை நிப்பாட்டுங்கோ. பசுப்பால் குடுக்கவே கூடாது, அதுகளுக்குச் செமிக்காது. கார் நிப்பாட்டேக்க முழுசா றோட்டை விட்டு இறக்கி, ஹசார்ட் லைட்டைப் போட்டிட்டு இறங்குங்கோ.

பனிமலை

குளிர்காலத்தில் கிரேட் ஆல்பைன் ரோடு வழியாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஹோத்தம் மலை உச்சியில் காலை நேரம், வெயில் பளிச்சென்று அடிக்கிறது. வரிசையில் எல்லா வண்டியும் கிளம்பிப் போக, ஒரு டீசல் எஸ்யூவி மட்டும் நிற்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் இறங்கிவிட்டது. பின்சீட்டில் குழந்தைகள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. முந்தின நாள் மெல்பர்னில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்ததுதான் காரணம்.

சாதாரண டீசலில் மெழுகுத் தன்மை உண்டு. கடுங்குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். பனிமலைக்கென்று ஆல்பைன் டீசல் தனியாக விற்கிறார்கள். ப்ரைட்டிலும் ஜிண்டபைனிலும் கிடைக்கும். மலையடிக்கு வரும்போது டேங்க் கால்வாசிக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே ஆல்பைன் டீசலை நிரப்பினால், மேலே ஏறும் ஓட்டத்திலேயே அது ஃபில்டர் வரை வந்து சேர்ந்துவிடும். உறைந்த பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பயனில்லை. வெயில் ஏறும்வரை காத்திருங்கள், அல்லது வண்டியைச் சூடான இடத்துக்கு இழுத்துப் போங்கள்.

இரவு நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வையுங்கள்.

சங்கிலி விஷயம்: கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் ஜூன் 1 முதல் அக்டோபர் 10 வரை, இரண்டு சக்கர இழுவை வண்டிகள் பனிச்சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். ரோட்டில் பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் விதி. வாடகைக்கு எடுக்கும் கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் இழுக்கிற சக்கரத்தில்தான் மாட்டணும். சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை, பின்னால் மாட்டினால் வீண். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த சங்கிலி பிரேக் ஹோஸை அடித்தே அறுத்துவிடும். மாட்டிய பிறகு 40-க்கு மேல் போகக் கூடாது. பனி விழும் உயரத்துக்கு மேல் போகவே அனுமதிக்காத வாடகை நிறுவனங்களும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அருண்_87

கிரேட் ஓஷன் ரோடு ஒரே நாளில் போய்வரலாம்தானே? காலை 8-க்கு மெல்பர்னில் கிளம்பி, ட்வெல்வ் அப்போசல்ஸில் (கடலில் நிற்கும் பாறைத் தூண்கள்) சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவதாகத் திட்டம்.

ரோட்டோரம்

தம்பி, போவது சரி. திரும்புகிற வழிதான் தவறு. கடலோர வழியாக 275 கிலோமீட்டர் போல வரும், நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம். லார்னிலிருந்து அப்பல்லோ பே வரை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், ஓயாத வளைவு. இருட்டில் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டு ரோட்டில் வாங்க, மூன்று மணி நேரத்துக்குள் மெல்பர்ன். அதுவும் இருட்டில் கங்காரு உள்ள வழிதான், ஆனால் வளைவு குறைவு. போர்ட் கேம்பெல்லில் ஓர் இரவு தங்கினால் இருட்டில் ஓட்டவே வேண்டாம்.

மேற்கே போவது நல்ல திசை. இடதுபக்கம் ஓட்டுவதால் கடல் உங்கள் பக்கமே இருக்கும், காட்சி முனைகளுக்கு எதிர் லேனை வெட்டாமல் இறங்கலாம். மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், காரின் முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து வையுங்கள். அப்பல்லோ பேயில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள்.

வேலியைத் தாண்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அந்தப் பாறை சுண்ணாம்பு, கடல் அடியில் அரித்துக்கொண்டே இருக்கிறது. 2005-இல் ஒரு தூண் நொடியில் சரிந்தது. 1990-இல் லண்டன் பிரிட்ஜ் பாறையின் கரைப்பக்க வளைவு விழுந்தபோது அப்பால் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள்.

வெண்ணிலா அக்கா

அங்கிருந்து மவுண்ட் கேம்பியர் போகிறவர்கள் பச்சை மிளகாய், தக்காளி, மாம்பழம் எதையும் பையில் வைக்காதீர்கள். பழ ஈ வருமென்று தெற்கு ஆஸ்திரேலியா எல்லைக்குள் விடுவதில்லை, அபராதம் உண்டு. எல்லைக்கு முன் தொட்டி இருக்கும், அதில் போட்டுவிடுங்கள். ஒரு குடும்பம் மாம்பழப் பெட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனதைப் பார்த்தேன், பாட்டி கையில் இருந்த கடைசிப் பழம் உட்பட. சமைத்த புளியோதரை, ஊறுகாய், காய்ந்த மிளகாய்க்குத் தடையில்லை. மவுண்ட் கேம்பியரில் உள்ள நீல ஏரி நவம்பர் முதல் மார்ச் வரைதான் அந்தப் பளீர் நீலம், மற்ற மாதங்களில் சாம்பல் கலந்த நிறம். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் வையுங்கள், ஹோட்டலில் சாவி வாங்கும் நேரம் அந்த மாநிலக் கணக்கில்தான் இருக்கும்.