மறு: ‘ஸ்மித்’ வகைக் குடும்பப்பெயர்களுக்குக் கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்மித், டெய்லர், பேக்கர் என முன்னோர் செய்த வேலையிலிருந்து பிறந்த ஆங்கிலக் குடும்பப்பெயர்களுக்குத் ‘தொழிற்பெயர்’ என்ற சொல் இவ்விழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அது சுருக்கமானதுதான், ஆனாலும் ஏற்கத்தக்கதன்று. படித்தல், உண்ணல் போன்றவற்றுக்கு இலக்கணத்தில் வழங்கும் பெயரை வேறொரு துறைக்கு எடுத்தால், இரு துறையினரும் இடர்ப்படுவர். தொல்காப்பியப் பெயரியலில் வரும் ‘வினைப்பெயர்’ இதைவிட நெருக்கமானது. உரையாசிரியர்கள் அதற்குத் தச்சன், கொல்லன் என்பவற்றைச் சான்றாகக் காட்டுவர். எனினும் அங்கே பெயர் தொழில் செய்பவனையே சுட்டுகிறது, ஆங்கிலக் குடும்பப்பெயர் அவ்வாறு சுட்டுவதில்லை.

இங்கிலாந்தில் 1066இல் நார்மன் படையெடுப்பு நிகழ்ந்ததற்குப் பின், ஒரே ஊரில் ஜான்களும் வில்லியம்களும் பெருகியபோது, ஆளைப் பிரித்தறிவதற்காகச் சேர்க்கப்பட்ட அடைமொழிகள் முதலில் நிலவுடைமையாளரிடமும், 1400ஐ ஒட்டிய காலத்துக்குள் பெரும்பாலான எளிய மக்களிடமும் பரம்பரைப் பெயர்களாக நிலைத்தன. அம்பு செய்தவரின் பேரன் மாவு விற்றாலும் ஃபிளெட்சர்தான். 1379ஆம் ஆண்டுத் தலைவரிப் (ஆள்தோறும் விதித்த வரி) பட்டியல்கள் சிலவற்றில் பெயருக்கருகே தொழிலும் தனியே குறிக்கப்பட்டிருப்பது, பெயரைக் கொண்டு மட்டும் தொழிலை அறிய முடியாத நிலை அப்போதே வந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஆகவே ‘தொழில்வழிக் குடும்பப்பெயர்’ என்பதை முன்மொழிகிறேன். ‘வழி’ என்பது பெயரின் தோற்றத்தைச் சொல்கிறதே தவிர, பெயருக்குரியவரின் இன்றைய பிழைப்பைச் சொல்வதில்லை. ஊரின் பெயரிலிருந்து வந்த லிங்கன் போன்றவை ‘ஊர்வழி’ ஆகும். ஜான்சன் போன்றவற்றை மட்டும் ‘தந்தைபெயர்வழி’ என்று நீட்டிச் சொல்ல வேண்டும்; வெறும் ‘தந்தைவழி’ என்றால் தந்தையிடமிருந்து வந்த எந்தப் பெயரையும் குறித்துவிடும்.

இவ்விழையில் வந்த ‘குலத்தொழிற்பெயர்’ என்ற பரிந்துரையை நான் வன்மையாக மறுக்கிறேன். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள் தனித்தனியே ஸ்மித் ஆயின. அப்பெயரால் அவர்களுக்குள் மணவுறவோ விலக்கோ விதிக்கப்படவில்லை. நம் சாதியமைப்பை அவர்கள் மீது ஏற்றிக் காட்டும் சொல் வாசகரைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

ஒவ்வொரு பெயருக்கும் நாம் எழுதும் பொருள் விளக்கத்திலும் இதே கவனம் வேண்டும். வாக்கர் என்பதற்கு ‘நடப்பவர்’ என்று எழுதிவிடக் கூடாது. நெய்த கம்பளித் துணியை நீரில் தோய்த்து, காலால் மிதித்து, அழுக்கும் எண்ணெய்ப் பசையும் நீக்கித் தடிப்பாக்கியவர் அவர். அதே வேலையைச் செய்தவர் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் எனவும், தென்மேற்கில் டக்கர் எனவும் பெயர் பெற்றார்; வாக்கர் பெரும்பாலும் வடபகுதி வழக்கு. வெப்ஸ்டர், பாக்ஸ்டர் ஆகியவற்றின் ஈறு பழைய ஆங்கிலத்தில் பெண்பாலுக்குரியது. பின்னர் அது ஆண்களுக்கும் வழங்கியதால், ‘நெய்பவர்’, ‘ரொட்டி சுடுபவர்’ என்று பொதுப்பாலில் எழுதுவதே சரி. கிங், பிஷப் முதலியவை பெரும்பாலும் பட்டப்பெயர்களாக ஒட்டிக்கொண்டவை. அவற்றை இவ்வகையில் சேர்க்க வேண்டாம்.

துணியை மிதித்துத் தடிப்பாக்கும் அந்த வேலைக்கு நம் கம்பளி நெய்வோரிடம் ஒற்றைச் சொல் வழக்கில் இருந்தால், அறிந்தவர்கள் இவ்விழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை வாக்கர், ஃபுல்லர், டக்கர் ஆகிய மூன்று பெயர்களுக்கும் மேற்கண்ட நீண்ட விளக்கமே இருக்கட்டும்.