குடும்பிமலை, இரண்டாம் தடவை: புதுப்பிப்பு

மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலையில் பாதிப் பாறையோடு கால் நடுங்கித் திரும்பியதைப் போன வருடம் எழுதியிருந்தேன். ஞாயிறு மறுபடியும் போனேன். யானைக்குப் பயந்து, நன்றாக விடிந்த பிறகுதான் கிரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். மார்கழியில் வெள்ளம் நிற்கும் பாதை, இப்போது ஒரே புழுதி.

கீழே நின்று பார்த்தால், முடிந்த குடும்பி போல அதே பாறை, அதே வயிற்றுக் கலக்கம். ஆனால் இந்த முறை சப்பாத்து. (சரி, அன்று செருப்போடு ஏறியதை வெட்கத்தில் மறைத்துவிட்டேன்.) போன தடவை திரும்பிய அந்த இடத்தில், "கீழ பாக்காத மச்சான், கை வச்ச இடத்தப் பார்" என்றான் கூட வந்தவன். பார்த்தேன். விரலுக்குப் பக்கத்தில் ஓர் ஓணான், அசையவேயில்லை.

உச்சியில் சுற்றிலும் காடு, போத்தலில் ஒரு மிடறு தண்ணீர். இறங்கும்போது பிடித்த முழங்கால் இன்னும் விடவில்லை.